வீரமாமுனிவர் பிறந்த ஊரும் மாந்தோவாவும்: மூன்று நாளில் என்ன பார்க்கலாம்?

ஜூன் மூன்றாம் வாரம் மிலானில் வேலை முடிகிறது, அதன்பின் மூன்று நாள் கையில் இருக்கிறது, அப்பாவும் அம்மாவும் கூட வருகிறார்கள், அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்பதால் வீரமாமுனிவர் பிறந்த காஸ்திலியோனேயைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். அங்கே பார்க்க ஏதாவது உண்டா, பக்கத்தில் இருக்கும் மாந்தோவாவையும் சேர்த்துக்கொள்வதா, இல்லை பேசாமல் வெனிஸுக்குப் போய்விடலாமா? இதுதான் உங்கள் கேள்வி.

வெனிஸை இந்த முறை விட்டுவிடுங்கள். ஜூன் கூட்டத்தில், பாலம் பாலமாக ஏறி இறங்கி, பெட்டியையும் தூக்கிக்கொண்டு வயதானவர்களோடு அலைவது சுற்றுலா அல்ல, தண்டனை. மாந்தோவாவில் இரண்டு இரவு தங்கி, நடுவில் ஒரு பகலை முழுதாகக் காஸ்திலியோனேக்குக் கொடுங்கள். மூன்று நாள் அதற்குச் சரியாக இருக்கும்.

அப்பாவிடம் ஒன்றை இப்போதே சொல்லிவைப்பது நல்லது. "இந்த வீட்டில்தான் பிறந்தார்" என்று கைகாட்டும் நினைவில்லம் ஒன்றை எதிர்பார்த்துப் போகக்கூடாது. மெரினாவில் 1968-ல் சிலை வைத்துக் கொண்டாடும் அளவுக்கு நமக்கு அவர் நெருக்கமானவர். பிறந்த ஊரில் கதை வேறு. அந்த ஊர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பெயர்கள் இரண்டு. ஒருவர் அங்கே பிறந்து 23 வயதில் ரோமில் இறந்த புனிதர். இன்னொருவர் வேறு வேலையாக வந்து, போரில் காயம்பட்டவர்களைப் பார்த்துவிட்டு அங்கேயே சில நாள் தங்கிய ஜெனீவா வணிகர். ஆனால் பின்னாளில் வீரமாமுனிவர் ஆன கொஸ்தான்சோ பெஸ்கி என்ற இளைஞன் ஏன் யேசு சபையில் சேர்ந்தான், எந்தக் கல்வியை மனத்தில் ஏற்றிக்கொண்டு மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்தான் என்பதற்கு விடை அந்த ஊரிலும் மாந்தோவாவிலும் நன்றாகவே கிடைக்கும். அப்படிப் பார்க்கத் தயாராக இருந்தால் அப்பாவுக்கு இதைவிட நல்ல பயணம் அமையாது.

முதலில் போகும் வழி. இத்தாலியில் காஸ்திலியோனே என்று தொடங்கும் ஊர்கள் ஏராளம். வரைபடத்திலும் பயணச்சீட்டிலும் "காஸ்திலியோனே டெல்லே ஸ்திவியேரே" என்று முழுப்பெயரையும் போடுங்கள். பாதிப் பெயரை நம்பினால் தொஸ்கானா கடற்கரையில் போய் நிற்க நேரிடும். நமக்கு வேண்டியது லொம்பார்தியா மாநிலத்தில், மாந்தோவா மாவட்டத்தின் வடமேற்கு ஓரத்தில், கார்தா ஏரிக்குத் தெற்கே இருக்கும் குன்றுகளின் அடிவாரத்தில் உள்ளது. ஊரில் ரயில் நிலையம் கிடையாது. மிலான்–வெனிஸ் பாதையில் உள்ள தெசென்சானோ நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து சுமார் பத்து கிலோமீட்டர்தான். மாந்தோவாவிலிருந்தும் பிரெஷ்ஷாவிலிருந்தும் பேருந்துகள் உண்டு. மாந்தோவாவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். ஞாயிறன்று பேருந்துகள் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் அந்த நாளை இதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களில் இருவர் முதியவர் என்பதால் அந்த ஒரு நாளைக்கு மட்டும் வாடகைக் கார் எடுத்தால் நிம்மதி. நம் ஊர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். மாந்தோவாவின் பழைய நகரப் பகுதிக்குள் வெளியாட்களின் கார் நுழையத் தடை உண்டு. தெருமுனைக் கேமரா சத்தமில்லாமல் எண்ணைப் படம் எடுத்துவிடும், அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். காரை ஏரியோரத்து நிறுத்துமிடத்திலேயே விட்டுவிட்டு நடங்கள்.

காஸ்திலியோனேயில் முதலில் போக வேண்டிய இடம் புனித லுயிஜி கொன்சாகா பேராலயம். நம் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் ஞானப்பிரகாசியார் என்று வணங்கும் அதே புனிதர்தான். சிற்றூருக்கு மீறிய பெரிய கோயில். பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த பரோக் கட்டடம். அவரது உடல் ரோமில் புனித இஞ்ஞாசியார் கோயிலில் இருக்கிறது. தலை மட்டும் இங்கே, நடுப்பீடத்தின் மேல் ஒரு பேழையில்.

அவர் கதை தெரியாமல் அந்த ஊர் புரியாது. மாந்தோவாவை ஆண்ட கொன்சாகா குடும்பத்தின் கிளை ஒன்றுதான் காஸ்திலியோனேயைத் தனிச் சிற்றரசாக ஆண்டது. அந்த வீட்டின் மூத்த மகனாக, மலைக்கோட்டையில் 1568 மார்ச் 9 அன்று பிறந்தவர் லுயிஜி. சிறுவயதில் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் அரண்மனையில் பணியாளராக வளர்ந்தவர், 1585-ல் பட்டத்து உரிமையைத் தம்பி ரொதோல்ஃபோவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு யேசு சபைக்குப் போய்விட்டார். ரோமில் கொள்ளைநோய் வந்தபோது நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து, தானும் நோய் வாங்கி 1591 ஜூன் 21-ல் இறந்தார். அண்ணன் உதறிய பட்டம் தம்பிக்கு நல்லது செய்யவில்லை. பக்கத்து ஊரான காஸ்தெல் கொஃப்ரேதோவை ஆண்ட, தந்தையின் உடன்பிறந்தவர் 1592-ல் கொலையுண்டார். ஏவியவர் ரொதோல்ஃபோ. அடுத்த ஆண்டே அதே ஊரில் ரொதோல்ஃபோவும் கொல்லப்பட்டார். இளைய தம்பி பிரான்செஸ்கோ ஆட்சிக்கு வந்து ஊரைச் சீர்செய்தார். ஒரே வீட்டில் ஒரு புனிதரும் ஒரு கொலைகாரரும். அந்தக் காலத்து இத்தாலியச் சிற்றரசுகள் அப்படித்தான் இருந்தன.

கொலையுண்ட ரொதோல்ஃபோவின் மகள்கள் மூவர், சின்சியா, ஒலிம்பியா, கிரிதோனியா. அவர்கள் 1608-ல் தொடங்கிய பெண் துறவியர் இல்லம் இன்றும் ஊரில் இருக்கிறது. உள்ளே சிறிய அருங்காட்சியகம் உண்டு. அந்தக் காலத்து ஓவியங்கள், கொன்சாகா குடும்பத்தின் பொருள்கள், பழைய அடுக்களை என்று அமைதியான இடம். திறந்திருக்கும் நேரம் குறைவு என்பதால் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெஸ்கிக்கு வருகிறேன். 1680 நவம்பர் 8-ல் இந்த ஊரில் பிறந்தவர். ஞானப்பிரகாசியார் இறந்து அப்போது தொண்ணூறு ஆண்டுகூட ஆகவில்லை. ஊரே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம். கோட்டை, கோயில், யேசு சபைக் குருக்கள் எல்லாம் கூப்பிடு தூரத்தில். அரியணையை உதறிவிட்டுத் துறவியான ஒருவரை ஊரின் தலைமகனாகக் கொண்டாடிய இடத்தில் வளர்ந்த பையன் 1698-ல் யேசு சபையில் சேர்ந்தான் என்றால் அதில் வியப்பு இல்லை. கிழக்கே போக வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு 1710-ல் கோவாவில் இறங்கினார். லுயிஜிக்குப் புனிதர் பட்டம் முறைப்படி கிடைத்தது 1726-ன் கடைசி நாளில். பெஸ்கியின் தேம்பாவணிக்கும் வழக்கமாக 1726 என்றுதான் ஆண்டு சொல்வார்கள். இங்கே ரோமில் மணி அடித்த அதே ஆண்டில், அங்கே காவிரிக்கரையோரம் 3,615 பாடல் கொண்ட காப்பியம் முடிந்திருக்கிறது. அப்பாவிடம் இதை அந்தக் கோயிலுக்குள் வைத்துச் சொல்லுங்கள், வெளியே வர மாட்டார்.

கோட்டை பெரும்பாலும் இடிந்துவிட்டது, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் போர்கள் அதை விட்டுவைக்கவில்லை. மேலே போனால் ஊரின் கூரைகளும் வடக்கே மலைகளும் தெரியும். கொஞ்சம் ஏற்றம். முழங்கால் வலி இருந்தால் கீழேயே சதுக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய்வரலாம். 1796 ஆகஸ்ட் 5-ல் நெப்போலியன் ஆஸ்திரியர்களை வென்ற காஸ்திலியோனே போரும் இந்த ஊரைச் சுற்றித்தான் நடந்தது. பாரிஸில் அதே பெயரில் ஒரு தெரு இருப்பது அதனால்தான்.

ஆனால் ஊரை உலகம் அறிந்தது இன்னொரு போரால். 1859 ஜூன் 24. பிரெஞ்சு–சார்தீனியப் படையும் ஆஸ்திரியப் படையும் பக்கத்துச் சோல்ஃபெரினோவில் மோதின. இரு பக்கமும் சேர்த்துச் சுமார் மூன்று லட்சம் பேர். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனை ஒரு வியாபார விஷயமாகப் பார்க்க வந்திருந்த ஜெனீவாக்காரர் ஆன்ரி துனான், அன்று மாலை காஸ்திலியோனேக்கு வந்து சேர்ந்தார். சுமார் 9,000 காயம்பட்டவர்கள் இந்தச் சிற்றூருக்குள் வந்து குவிந்தார்கள். தெருவில், வீடுகளில், கோயில்களில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தார்கள். மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஊர்ப் பெண்கள் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். இவன் நம் பக்கம், அவன் எதிரி என்று பார்க்கவில்லை. "தூத்தி ஃபிரதெல்லி", எல்லாரும் சகோதரர்கள் என்று சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் கட்டுப் போட்டார்கள். துனான் 1862-ல் அதை எழுதி வெளியிட்டார். 1863-ல் செஞ்சிலுவை இயக்கம், 1864-ல் முதல் ஜெனீவா ஒப்பந்தம், 1901-ல் அமைதிக்கான முதல் நோபல் பரிசில் பாதி. பெருமையெல்லாம் துனானுக்குப் போய்ச் சேர்ந்தது, அதில் தவறில்லை. ஆனால் யோசனையை அவருக்குக் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத அந்தப் பெண்கள் என்பதே என் எண்ணம்.

காயம்பட்டவர்களில் பலரைக் கிடத்தியிருந்த பெரிய கோயில் இன்றும் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டினது, ஆகவே சிறுவன் பெஸ்கி பார்த்தது இதுவல்ல. சர்வதேசச் செஞ்சிலுவை அருங்காட்சியகம் 1959-ல், போரின் நூற்றாண்டில், ஒரு பழைய மாளிகையில் திறக்கப்பட்டது. தூக்குப்படுக்கைகள், குதிரை இழுத்த ஆம்புலன்ஸ் வண்டிகள், அறுவைக் கருவிகள். மயக்க மருந்து சரியாகக் கிடைக்காத காலத்தில் அந்த இரம்பங்களைப் பயன்படுத்தினார்கள் என்று நினைத்தால் வயிறு கலங்கும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கார் இருந்தால் அங்கிருந்து சோல்ஃபெரினோ ஓட்டம் சில நிமிடம்தான். புனித பேதுரு சிற்றாலயத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைச் சுவரில் வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். சுமார் 7,000 வீரர்களின் எலும்புகள் அங்கே இருக்கின்றன. பிரெஞ்சுக்காரன் எது, ஆஸ்திரியன் எது என்று பிரித்தறிய வழியில்லை. அம்மாவுக்குச் சங்கடமாக இருக்கும் என்றால் அவரை வெளியே மரநிழலில் இருக்கச் சொல்லுங்கள். குன்றின் மேல் 1022-ல் கட்டிய சதுரக் கோபுரத்தை "இத்தாலியின் ஒற்றன்" என்பார்கள். அவ்வளவு தூரம் தெரியும். பக்கத்திலேயே பல நாடுகள் அனுப்பிய கற்களைப் பதித்த செஞ்சிலுவை நினைவிடம். ஆண்டுதோறும் அந்த ஜூன் 24-ஐ ஒட்டி, வழக்கமாகச் சனிக்கிழமை மாலையில், பல நாட்டுச் செஞ்சிலுவைத் தொண்டர்கள் தீப்பந்தம் ஏந்திச் சோல்ஃபெரினோவிலிருந்து காஸ்திலியோனேக்கு நடக்கிறார்கள். ஜூன் 21-ல் ஞானப்பிரகாசியார் திருநாள். உங்கள் தேதிகள் இரண்டுக்கும் பக்கத்தில் விழுகின்றன. பார்ப்பதற்கு அருமையான நேரம், அறை கிடைப்பதற்கு மோசமான நேரம். இன்றே பதிவு செய்யுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு அந்தக் குன்றுப் பகுதிக்கே உரிய கப்புன்செய் கேளுங்கள். பழைய ரொட்டித் தூள், பாலாடைக்கட்டி, முட்டை சேர்த்து விரல் நீளத்துக்கு உருட்டி வேகவைத்து, வெண்ணெயும் சேஜ் இலையும் ஊற்றித் தருவார்கள். சில வீட்டுச் செய்முறையில் இறைச்சிச் சாறு சேரும். சைவம் என்றால் கேட்டுத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் கோயில்கள் பெரும்பாலும் அடைத்துவிடும், மூன்று மணிவாக்கில்தான் மறுபடி திறப்பார்கள். காலையில் பேராலயம், பதினொன்றுக்கு மேல் அருங்காட்சியகம், பிறகு சாப்பாடு, மாலையில் சோல்ஃபெரினோ என்று வைத்துக்கொண்டால் பூட்டிய கதவுமுன் நிற்க வேண்டியதில்லை.

இனி மாந்தோவா. மிலானிலிருந்து நேரடி ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். மூன்று பக்கமும் ஏரி சூழ்ந்த ஊர். ஏரிகள் இயற்கையானவை அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மிஞ்சோ ஆற்றைக் கட்டுப்படுத்தி உண்டாக்கியவை. நான்காவதாக இருந்த ஏரியைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வற்றவைத்துவிட்டார்கள். 1328 ஆகஸ்டில் பொனக்கோல்சி குடும்பத்தை விரட்டிவிட்டு ஆட்சியைப் பிடித்த கொன்சாகாக்கள் கிட்டத்தட்ட நானூறு ஆண்டு ஆண்டார்கள். கடைசிப் பிரபு 1708-ல் நாட்டை இழந்து பதுவாவில் இறந்தார். அப்போது பெஸ்கிக்கு 27 வயது, இன்னும் இத்தாலியில்தான் இருந்தார். தான் பிறந்து வளர்ந்த உலகம் கண்ணெதிரே கலைந்துபோவதைப் பார்த்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்.

மாந்தோவாவில் எதைப் பார்க்கும்போதும் ஒரு செய்தி மனத்தில் இருக்கட்டும். 1627-28-ல் கொன்சாகாக்கள் கடன் தாங்காமல் தங்கள் ஓவியச் சேகரிப்பை இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கு விற்றார்கள். மிஞ்சியதை 1630-ல் புனித ரோமப் பேரரசின் படை புகுந்து கொள்ளையடித்தது, கூடவே கொள்ளைநோயும் வந்தது. கொன்சாகாக்களின் அரண்மனை ஓவியர் மாந்தேன்யா வரைந்த சீசரின் வெற்றி ஊர்வலம் இன்று லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட்டில் இருக்கிறது. கொன்சாகா வீட்டுக்கு மருமகளாக வந்த இசபெல்லா தெஸ்தே தன் தனியறைக்காக வரையவைத்த படங்கள் பாரிஸ் லூவரில். ஆக, ஊரில் நின்றது தூக்கிக்கொண்டு போக முடியாதவை மட்டும்தான்: சுவரும் விதானமும், அவற்றின் மேல் வரைந்தவையும். 500-க்கு மேற்பட்ட அறைகள் கொண்ட பிரபு அரண்மனை பல இடங்களில் வெறுமையாக இருக்கிறதே என்று அம்மா கேட்டால் காரணம் இதுதான்.

அந்த அரண்மனையில் எல்லா அறையையும் பார்க்க முயலாதீர்கள். மாந்தேன்யா 1465-லிருந்து 1474 வரை வரைந்த மணமக்கள் அறைக்கு மட்டும் மனத்தைப் புதிதாக வைத்துக்கொள்ளுங்கள். சுமார் எட்டு மீட்டர் சதுர அறை. அன்றைய ஆட்சியாளர் லுதோவிகோ கொன்சாகா கையில் கடிதத்தோடு செயலரிடம் ஏதோ சொல்கிறார். பக்கத்தில் மனைவி பார்பரா, பிள்ளைகள், குள்ளப் பெண் ஒருத்தி, நாற்காலிக்கு அடியில் சுருண்டிருக்கும் ரூபினோ என்ற நாய். யாரும் நமக்காக நிற்கவில்லை. வீட்டு ஆட்கள் அவரவர் வேலையில் இருக்கும்போது நாம் எட்டிப் பார்த்துவிட்டதுபோல் இருக்கும். தலையை உயர்த்தினால் விதானத்தில் ஓட்டை, அதில் வானம். விளிம்பில் சாய்ந்து சிரிக்கும் பெண்கள், ஒரு மயில், இப்போதே நம் தலையில் விழுந்துவிடும் என்பதுபோல் குச்சியில் நிறுத்திவைத்த செடித்தொட்டி. லேசாக வளைந்த விதானத்தில் அப்படி ஒரு ஏமாற்று வேலையை அதற்குமுன் யாரும் இவ்வளவு துணிச்சலாகச் செய்ததில்லை. பூவேலைப் பட்டை ஒன்றில் மாந்தேன்யா தன் முகத்தையே ஒளித்துவைத்திருக்கிறார். அப்பாவைத் தேடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள், நிற்கும் நேரமும் குறைவு. நேரம் குறித்து முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். திங்களன்று அரண்மனைக்கு விடுமுறை.

ஊரின் தென்கோடியில் தே மாளிகை. கட்டடக் கலைஞரும் ஓவியருமான ஜூலியோ ரொமானோ 1525 முதல் 1535 வரை, அன்று ஊரை ஆண்ட இரண்டாம் ஃபெதெரிகோ கொன்சாகாவுக்காகக் கட்டியது. அரண்மனையில் மனைவி மக்கள், இங்கே குதிரைகளும் காதலியும். குதிரைகளுக்கு இருந்த மதிப்பை அறிய, ஆறு குதிரைகளை உயிர் அளவில் வரைந்துவைத்த கூடத்தைப் பார்த்தால் போதும். முற்றத்தில் நின்று தூண்களுக்கு மேலே கவனியுங்கள். அலங்காரக் கற்களில் சில கீழே நழுவியதுபோல் இருக்கும். கட்டடம் பழுதாகவில்லை, ரொமானோ வேண்டுமென்றே செய்த குறும்பு. கடைசியாக அரக்கர் கூடம். மூலைகளே தெரியாதபடி சுவரும் விதானமும் ஒன்றாகக் கலந்துபோய், மேலிருந்து ஜூப்பிட்டர் இடியை எறிய, சுற்றிலும் அரக்கர்கள் தூணும் பாறையும் நொறுங்கிப் புதைகிறார்கள். ஒரு மூலையில் முணுமுணுத்தால் எதிர்மூலையில் கேட்கும். என்னைக் கேட்டால் மாந்தேன்யாவின் அறைக்கு முன் இது வெறும் ஆர்ப்பாட்டம். ஆனால் குழந்தைகளும் பெரியவர்களும் இதைத்தான் அதிகம் ரசிக்கிறார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது.

இரண்டுக்கும் நடுவில் நடக்கிற தூரத்தில்தான் மற்றவையெல்லாம். 1472-ல் கட்டடக் கலைஞர் ஆல்பெர்த்தியின் வரைபடப்படி தொடங்கிய புனித அந்திரேயா பேராலயம், அதனுள் மாந்தேன்யாவின் கல்லறைச் சிற்றாலயம். காய்கறிச் சதுக்கத்தில் தெருமட்டத்துக்குக் கீழே பதுங்கியிருக்கும் பதினோராம் நூற்றாண்டு வட்டக்கோயில். வீடுகளுக்குள் புதைந்து மறந்துபோயிருந்ததை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மீட்டெடுத்தார்கள். அதன் அருகே 1473-ல் பொருத்திய வானியல் கடிகாரம், கிரக நிலையும் நல்ல நேரமும் காட்டும். நம் பெரியவர்களுக்கு அது என்ன என்று விளக்கவே வேண்டாம். பிபியேனா அரங்கில் 1770 ஜனவரி 16-ல், 14 வயது நிறைவதற்குச் சில நாள் முன்பு, மொசார்ட் வாசித்தான். தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தபடி புதைக்கப்பட்ட வல்தாரோ இணை, சுமார் ஆறாயிரம் ஆண்டுப் பழைய எலும்புக்கூடுகள், 2007-ல் தோண்டியபோது கிடைத்தவை. ரிகொலெத்தோவின் வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். ரிகொலெத்தோ ஓபராவில் வரும் கற்பனைப் பாத்திரம், அவருக்கு வீடு ஏது? கடந்து போய்விடுங்கள்.

அப்பாவுக்காக ஓர் இடம், சுற்றுலாக் கூட்டம் எட்டிப் பார்க்காதது: தெரேசியானா நூலகம். 1780-ல் திறந்தது, பழைய யேசு சபைக் கல்லூரி இருந்த இடத்தில் உள்ளது. தரையிலிருந்து கூரைவரை மரத்தட்டுகளில் தோல் அட்டைப் புத்தகங்கள். பெஸ்கி சிறுவயதில் மாந்தோவா யேசு சபைப் பள்ளியில்தான் படித்தார். அந்தப் பள்ளிகளில் இலத்தீன் என்றால் வெர்ஜில்தான் பாடம். வெர்ஜிலோ கிமு 70-ல் இதே மாந்தோவா அருகே பிறந்தவர். ஊரே கொண்டாடும் காப்பியக் கவிஞனை மனப்பாடம் செய்து வளர்ந்த ஒருவர், சீவக சிந்தாமணியையும் கம்பனையும் கற்றுத் தேர்ந்து, வளன் என்று பெயரிட்ட சூசையப்பரைத் தலைவனாக்கித் தமிழில் காப்பியம் பாடத் துணிந்தார். காப்பியம் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்கு ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்திருந்தது. வெர்ஜில் சதுக்கத்தில் கவிஞருக்குச் சிலை இருக்கிறது, மாலை நடைக்கு நல்ல நிழல்.

நேரம் இருந்தால் ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் உள்ள கிராத்சியே மாதா கோயிலுக்கும் போங்கள். 1399 கொள்ளைநோய்க்குப் பின் நேர்ந்துகொண்டு கட்டியது. உள்ளே சுவரெங்கும் மரமாடங்களில் ஆளுயரப் பொம்மைகள். தூக்குமரத்திலிருந்து தப்பியவன், கிணற்றில் விழுந்து பிழைத்தவன் என்று காணிக்கை செலுத்திய கதைகள். வேளாங்கண்ணியில் வெள்ளிக் கண்ணும் காலும் பார்த்துப் பழகிய நமக்கு எல்லாம் புரிந்துவிடும், கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கும் பதப்படுத்திய முதலையைத் தவிர. கோயிலுக்குக் கீழே ஏரியில் படகு கிடைக்கும். ஏரி முழுக்கத் தாமரை. 1921-ல் இளம் பெண் ஒருவர் கொண்டுவந்து நட்டது, இப்போது ஆண்டுதோறும் வெட்டிக் கட்டுப்படுத்தும் அளவுக்குப் பரவிவிட்டது. ஜூலை, ஆகஸ்டில்தான் முழுதாகப் பூக்கும். நீங்கள் போகும்போது இலையும் ஒன்றிரண்டு முன்பூவும்தான் பார்க்கலாம்.

மாந்தோவாவில் சைவர்களுக்குப் பட்டினி இல்லை. பரங்கிக்காயை மசித்துப் பாதாம் சுவைப் பிஸ்கட்டும் காரக் கடுகுப் பழப்பாகும் சேர்த்து உள்ளே வைத்த தொர்தெல்லி இந்த ஊரின் பெருமை. இனிப்பா காரமா என்று முடிவுக்கு வர முடியாது, இரண்டாவது வாயில் பழகிவிடும். சோளமாவும் பாதாமும் சேர்த்த ஸ்பிரிசொலோனா கேக்கைக் கத்தியால் வெட்டாதீர்கள், கையால் உடைத்துத் தின்பதே வழக்கம். ஊருக்குக் கொண்டுபோகவும் அதுவே ஏற்றது, கெடாது. அரிசி என்று கண்டதும் "பிலோத்தா" ரிசோத்தோ வாங்கிவிடாதீர்கள், அதில் பன்றி இறைச்சி இருக்கும். "ஆசினோ" என்று பட்டியலில் பார்த்தால் அது கழுதை. மதியம் இரண்டரைக்கு மேல் சமையலறை மூடிவிடும், இரவு ஏழரைக்கு முன் திறக்காது. மாத்திரை நேரம் பார்த்துச் சாப்பிடுகிற பெரியவர்களுக்குக் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதல் நாள் காலை ரயிலில் மாந்தோவா, பெட்டியை அறையில் போட்டுவிட்டு மதியம் அரண்மனை, மாலையில் சதுக்கங்கள். இரண்டாம் நாள் கார், காஸ்திலியோனேயும் சோல்ஃபெரினோவும். மூன்றாம் நாள் காலை தே மாளிகை, பிறகு தெரேசியானா அல்லது கிராத்சியே, மாலை ரயில். தீப்பந்த ஊர்வலம் உங்கள் நாள்களில் விழுந்தால் அந்த இரவு மட்டும் காஸ்திலியோனேயிலேயே தங்கிவிடுங்கள், நள்ளிரவில் மாந்தோவா திரும்பப் பேருந்தை எதிர்பார்க்க முடியாது. ஏரிக்கரை ஊர் என்பதால் மாலையில் கொசு உண்டு, தடவிக்கொள்ளும் களிம்பு மறக்க வேண்டாம். மாந்தோவாத் தெருக்களில் உருண்டைக் கூழாங்கல் பதித்திருப்பார்கள். அம்மாவுக்குச் செருப்பு சரிவராது, தடித்த அடியுள்ள ஷூ வாங்கி இப்போதே போட்டுப் பழகச் சொல்லுங்கள்.